கருப்புப் பட்டை போட்ட காலண்டர்

புதிதாக நூலக வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு முதலில் என் அனுதாபங்கள். ஆய்வுக்கு ஏற்ற தகவல் மூலங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று இறுதியாண்டு மாணவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை இந்நேரம் உங்கள் தலையில் கட்டியிருப்பார்கள். அது வெள்ளிக்கிழமை கடைசி மணியாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் மாணவர்களுக்கு இந்த உலகத்தில் தேவைப்படும் ஒரே தகவல், ஏழாயிரம்பண்ணை பஸ் போய்விட்டதா இல்லையா என்பது. அதற்கு அவர்கள் எதிர்த்த டீக்கடைக்காரரைக் கேட்பார்கள். சரியான பதில் கிடைக்கும். மூலத்தைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நாம் போய்ப் பாடம் எடுத்த பிறகுதான் குழப்பம் வரும்.

நான் விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவே ஒரு கல்லூரியில் நூலகராகக் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். மாணவர்கள் எனக்கு வைத்த பெயர் சோர்ஸ் சார். யார் எதைச் சொன்னாலும் "சோர்ஸ் என்ன?" என்று கேட்பேன். வியாதி முற்றி வீட்டுக்கும் வந்தது. "மழை வர்ற மாதிரி இருக்கு, மாடியில துணி கிடக்கு" என்று மனைவி சொன்னபோதும் கேட்டேன். அன்று துணி நனைந்தது. அவள் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். இந்த விவரத்தை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளாததால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்னால் என் திறமைக்கு ஒரு சான்று தந்துவிடுகிறேன்.

வரலாற்றுத் துறைப் பையன் ஒருவன் ஒரு புத்தகத்தின் விவரத்தோடு வந்தான். தீப்பெட்டித் தொழிலைப் பற்றிய புத்தகம். ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருந்தது. மற்ற பிள்ளைகள் எல்லாம் "ஆசிரியர்: கூகுள்" என்று எழுதிக்கொண்டு வருகிற காலத்தில் இப்படி ஒருவனா என்று எனக்கு நெஞ்சு விம்மியது. அலமாரி அலமாரியாகத் தேடினேன். கிடைக்கவில்லை. எடுத்த புத்தகத்தைத் திருப்பித் தராத பேராசிரியர் ஒருவர் இருந்தார். அவர்தான் அமுக்கிவிட்டார் என்று முடிவு கட்டி அவரோடு பேசுவதை நிறுத்தினேன். பிறகு மதுரையில் எங்களுக்குப் புத்தகம் தருகிற கடைக்காரருக்குப் போன் செய்தேன். அவர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

"அருமையான புக்கு சார். இப்ப ஸ்டாக் இல்ல. மறுபதிப்பு வருது. வந்ததும் மொதக் காப்பி உங்களுக்குத்தான்."

மறுவாரம் அந்தப் பையன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். "சார், அந்த ஏஐ ஆப்புட்ட மறுபடியும் கேட்டேன். அப்படி ஒரு புத்தகமே கிடையாதாம். சாரின்னு சொல்லிருச்சு."

ஆப் மன்னிப்புக் கேட்டுவிட்டது. கடைக்காரர் கேட்கவில்லை. பேராசிரியரிடம் நானும் கேட்கவில்லை. அவரே முந்திக்கொண்டு வணக்கம் சொன்னாலும் நான் என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போவேன். தகவல் மூலங்களில் ஒரு ரகம் தவறை ஒப்புக்கொள்ளும், ஒரு ரகம் ஒப்புக்கொள்ளாது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அதற்குப் பதிலாக நான் நாலு கேள்விகளைத் தயாரித்தேன்.

எழுதியது யார்? எழுதியது எப்போது? வெளியிட்டது யார்? இதைச் சொல்வதால் யாருக்கு ஆதாயம்? இந்த நாலு கேள்விக்கும் நல்ல பதில் இருந்தால் அந்த மூலத்தை நம்பலாம். இதை ஒரு தாளில் அச்சடித்து லேமினேஷன் செய்து நூலகத் தூணில் தொங்கவிட்டேன். சிவகாசிக்குப் பக்கத்தில் வேலை பார்ப்பதில் இது ஒரு வசதி. மனதில் ஓர் எண்ணம் தோன்றி மறைவதற்குள் அது நாலு கலரில் அச்சாகிவிடும். ஒருநாள் பொறுத்திருந்தால் அந்த எண்ணம் எவ்வளவு அசட்டுத்தனமானது என்று தெரியும். யார் பொறுக்க விடுகிறார்கள்?

மாணவர்கள் தங்கள் மூலங்களை என்னிடம் கொண்டுவருவார்கள். நான் நாலு கேள்வியையும் கேட்டுப் பச்சைப் பேனாவால் டிக் அடிப்பேன். பச்சைப் பேனா வைத்துக்கொள்ள எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. கடையில் கிடைத்தது, வாங்கினேன்.

இந்த நிலைமையில்தான் மாரீஸ்வரி வந்தாள்.

விஸ்வநத்தத்துப் பெண். வணிகவியல் இறுதியாண்டு. அந்தத் துறையில் அப்போது எல்லோரும் ஷாம்பு வாங்குகிறவர்களின் மனப்பான்மையை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். இவள் மட்டும், பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் தீக்காயம் பட்டால் என்ன முதலுதவி செய்துகொள்கிறார்கள், உண்மையில் என்ன செய்ய வேண்டும் என்பதை எடுத்துக்கொண்டாள். "இதுல வணிகம் எங்கம்மா இருக்கு?" என்று அவளுடைய வழிகாட்டி கேட்டிருக்கிறார். "எங்கம்மா கையில இருக்கு சார்" என்றாளாம். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

என்னிடம் விவரமாகச் சொன்னாள். அவள் அம்மா பட்டாசு யூனிட்டில் வேலை பார்க்கிறார். முந்தின சீசனில் ஒரு பொறி தெறித்து முழங்கையில் பட்டிருக்கிறது. பெரிய காயம் இல்லை. கூட இருந்தவர்கள் பாசத்தோடு பல் விளக்கும் பேஸ்ட்டை எடுத்து அப்பியிருக்கிறார்கள். போதாததற்கு மேலே கொஞ்சம் இட்லி மாவு.

"ஆஸ்பத்திரில அம்புட்டையும் சுரண்டி எடுத்தாக சார். பொறி பட்டதுக்கு அம்மா கத்தல. சுரண்டும்போதுதான் கத்துனாக. நான் வெளிய நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்."

நான் பச்சைப் பேனாவை மூடிவைத்தேன்.

ஆய்வை எழுதி அலமாரியில் வைப்பதில் அவளுக்கு விருப்பம் இல்லை. கல்லூரியில் ஆண்டுதோறும் தினசரி காலண்டர் அடித்துப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் கொடுப்போம். அதன் அட்டையில் கட்டடத்தின் படத்துக்குக் கீழே கல்லூரியின் பெருமைகளை வரிசையாகப் போடுவது வழக்கம். யாரும் படிப்பதில்லை. அந்த இடத்தைத் தனக்குக் கேட்டாள்.

"நோட்டீஸ் அடிச்சுக் குடுத்தா அதுல வடைய வச்சு எண்ணெயப் பிழிஞ்சிருவாக சார். காலண்டர்னா வருசம் பூரா செவுத்துல தொங்கும். அடுப்புக்கு எதுத்தாப்புல ஆணி அடிச்சு மாட்டுறது எங்கம்மா வேலை."

முதல்வர் சம்மதித்தார். பெருமைகள் குறைவாக இருந்த ஆண்டு அது. அச்சடிப்பது மாரீஸ்வரியின் தாய்மாமாவின் பிரஸ். எழுத வேண்டிய வரிகளைப் புரூஃப் தாளிலும் அவற்றுக்கான மூலங்களைச் செல்போனில் படமாகவும் கொண்டுவந்தாள். பேஸ்ட் தடவக் கூடாது, மாவு கூடாது, இங்க் ஊற்றக் கூடாது, வளையலைக் கழற்று, சுத்தமான துணியால் மூடு, ஆஸ்பத்திரிக்குப் போ. ஒவ்வொரு வரிக்கும் நாலு கேள்வி, ஒரு பச்சை டிக். கடைசி வரி: "தண்ணீர் ஊற்றக் கூடாது."

இதற்கு மூலம் எங்கள் நூலகத்திலேயே இருக்கும் பாதுகாப்புக் கையேடு. எழுதியவர்கள் அந்தத் துறை வல்லுநர்கள். புதிய பதிப்பு. வெளியிட்டது பொறுப்பான நிறுவனம். யாருக்கும் ஆதாயம் இல்லை. புத்தகத்தின் அட்டை, முதல் பக்கம், பிறகு அந்த ஒரு பத்தி, மூன்றையும் படம் எடுத்திருந்தாள். நாலுக்கு நாலு. அன்று நான் அடித்த டிக்குகளிலேயே ஆகப் பெரிய டிக் அதுதான். வால் தாளின் விளிம்புவரை நீண்டிருந்தது.

டிசம்பர் மாதம். காலண்டர் வேலை உச்சத்தில் இருக்கிற நேரம். ஒருநாள் மத்தியானம் மாரீஸ்வரி முதல் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நூலகத்துக்குள் வந்தாள். மை வாசம் இன்னும் போகவில்லை. இன்னொரு கையில் பார்சல் டீ.

"மாமா மெஷின்ல இருந்து அப்படியே உருவிட்டு வந்தேன் சார். நீங்கதான் மொதல்ல பாக்கணும். பாத்துட்டு டீ குடிங்க."

டீ பாலித்தீன் பையில் நூல் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. அந்த நூலின் நுனியைக் கண்டுபிடித்து அவிழ்ப்பது ஒரு கலை. ஆயிரக்கணக்கான புத்தகங்களை வகைப்படுத்திய எனக்கு அது கைவரவில்லை. நான் பல்லால் இழுத்தேன். பை பிரிந்தது. டீ மொத்தமும் என் வலது கையில்.

அடுத்த நொடி நான் எங்கே இருந்தேன் என்றால், வராந்தாவில் கை கழுவும் குழாயடியில். எப்படிப் போனேன் என்று தெரியாது. குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, மணிக்கட்டு வரை தண்ணீரில் நீட்டிக்கொண்டு, கர்த்தரையும் டீக்கடைக்காரரையும் மாறிமாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாரீஸ்வரி அட்டையோடு பின்னாலேயே ஓடிவந்தாள். என் கையைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். மறுபடியும் கையைப் பார்த்தாள்.

"சார்."

"என்ன?"

"தண்ணி ஊத்தக் கூடாதே சார்."

"பேசாம இரும்மா, எரியுது."

"இல்ல சார், நீங்கதான டிக் அடிச்சீக."

நான் என்ன செய்தேன் தெரியுமா? கையை வெளியே எடுத்தேன். இதை எழுதும்போது என் மனைவி பக்கத்தில் இல்லை, அதனால் எழுதுகிறேன். நல்ல மூலம், புதிய பதிப்பு, பொறுப்பான வெளியீடு. அதற்கு எதிராக இருப்பது ஒரு நூலகரின் கை. கையிடம் எந்தச் சான்றும் கிடையாது. எடுத்தேன். எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. மறுபடியும் உள்ளே விட்டேன். அப்புறம் யார் சொல்லியும் எடுக்கிறதாக இல்லை.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் சிரிக்கவில்லை. அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கும் விளங்கியது. என் கை ஆறிவிடும். அந்த அட்டை ஆயிரம் வீட்டுச் சுவரில் தொங்கப் போகிறது. அதுவும் எந்த மாதிரி வீடுகளில்.

அவள்தான் சொன்னாள். "எங்கம்மாவும் இதைத்தான படிப்பாக."

கை கொஞ்சம் அடங்கியதும் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்க் கையேட்டை எடுத்தோம். அவள் பக்கத்தைத் திருப்பினாள், நான் பார்த்தேன். அந்தப் பத்தி இருந்தது. வார்த்தைக்கு வார்த்தை சரியாக இருந்தது. "இதன் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது." ரெண்டு பக்கம் முன்னால் போனால் அத்தியாயத்தின் தலைப்பு: குவித்து வைத்திருக்கும் உலோகத் தூளில் தீப்பிடித்தால். தூள் எரியும்போது தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகும் என்று அந்த வல்லுநர்கள் மிகச் சரியாக எழுதியிருந்தார்கள். தோலைப் பற்றி அந்தப் புத்தகத்தில் அவர்கள் பேச்சே எடுக்கவில்லை. நாங்கள்தான் தூளுக்குச் சொன்னதைத் தூக்கி ஆளுக்குப் போட்டுவிட்டோம்.

தம்பி தங்கைகளே, பொய்யான மூலத்தைக் கண்டுபிடிப்பதற்கு உங்களுக்கு எல்லோரும் பயிற்சி கொடுப்பார்கள். அது சுலபம். பொய்யான மூலம் கொஞ்ச நாளில் தானே பல்லை இளிக்கும். உண்மையான மூலம்தான் ஆபத்து. அது நமக்குச் சம்பந்தமில்லாத கேள்விக்குச் சரியான பதில் சொல்லிக்கொண்டிருக்கும். என் நாலு கேள்வியும் அந்த மனிதர் நல்லவரா, படித்தவரா, யோக்கியரா என்றுதான் விசாரித்தன. அவர் என்ன கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை. மாப்பிள்ளையைப் பற்றி ஊரெல்லாம் விசாரித்துவிட்டு, பெண் பார்க்க வந்தாரா, கரண்ட் மீட்டர் பார்க்க வந்தாரா என்று கேட்காமல் காப்பி கொடுத்த கதை.

இனி தத்துவம் போதும். அட்டைகள் அச்சாகிக்கொண்டிருக்கும் என்றுதான் நினைத்தோம்.

முதலில் வீட்டுக்குப் போன் செய்தேன். "சுட்ட கையில தண்ணி ஊத்தலாமா?"

"யாருக்குச் சுட்டுச்சு?"

"எனக்குத்தான். டீ."

"ஊத்திக்கிட்டே இருக்கணும். ஐஸ் வைக்காதீங்க. எம்புட்டு நேரமாச்சு? நல்லா ஊத்துனீங்களா?"

"ஊத்துனேன். சரி, இதுக்கு சோர்ஸ் என்ன?"

அவள் கேட்ட மறுகேள்வியில் எங்கள் திருமண வாழ்க்கை மொத்தமும் இருந்தது. "ஏங்க, தீக்காய வார்டுல நான் நின்ன காலமெல்லாம் உங்களுக்கு என்னத்துலயும் சேத்தி இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். வீட்டுக்குள் ஒரு நர்ஸை வைத்துக்கொண்டு, தீக்காயத்தைப் பற்றி உலோகத் தூளிடம் கேட்கப் போன ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன். அவளிடம் கேட்கத் தோன்றாததற்குக் காரணம், அவளுக்குப் பதிப்பகம் இல்லை.

அடுத்த போன் பிரஸ்ஸுக்கு. மாரீஸ்வரி தன் போனை ஸ்பீக்கரில் போட்டாள். பின்னணியில் மெஷின் ஓடுகிற சத்தம்.

"மாமா, அட்டைய நிறுத்துங்க."

"நிறுத்துறதுக்கு என்ன இருக்கு? ஓடி முடிஞ்சு அடுக்கியாச்சு. இப்ப ஓடுறது வேற பார்ட்டி ஆர்டரு. நாளைக்குத் தேதித் தாள் கட்ட வச்சுப் பின் அடிச்சா லோடு ஏத்திரலாம்."

"கடைசி வரி தப்பு மாமா."

"புரூஃப்ல சார் டிக் அடிச்சிருக்காகளே. பச்சை இங்க்குல."

மாரீஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் என் கையைப் பார்த்தேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். மாமா கொஞ்சமும் கலங்கவில்லை. அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தப்பு என்பது ஒரு பொருட்டே இல்லை.

"இதுக்கா சார் இம்புட்டுப் பதறுறீக? தப்பு வரி அடியிலதான இருக்கு. தேதிக் கட்ட ஒரு விரக்கடை மேல ஏத்தி அடிச்சிருவோம். வரி உள்ள போயிரும். எவனுக்கும் தெரியாது."

நான் உடனே சம்மதித்துவிட்டேன். மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. செலவில்லை, தாமதமில்லை, முதல்வரிடம் போய் நிற்க வேண்டியதில்லை, என் பச்சை டிக்கைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். ஆபத்து நேரத்தில் முதலில் வருகிற யோசனை எப்போதும் அழகாகத்தான் இருக்கும். அது நம்மைக் காப்பாற்றுகிறதா, மற்றவர்களைக் காப்பாற்றுகிறதா என்று பார்ப்பதற்குள் தலை ஆடிவிடும். என் தலை ஆடிவிட்டது.

"வேண்டாம் மாமா" என்றாள் மாரீஸ்வரி.

"ஏன்?"

"வருசம் முடிஞ்சு கட்டுத் தீந்தா என்ன ஆகும்?"

"தீந்தா தூக்கிப் போட வேண்டியதுதான்."

"நம்ம வீட்டுல எவன் மாமா காலண்டர் அட்டையத் தூக்கிப் போட்டிருக்கான்? போன வருசத்து அட்டை சோத்துப்பான மேல மூடியா கிடக்கு. அதுக்கு மொத வருசத்த வச்சுத்தான் அத்த அடுப்பு விசிறுது. நீங்க பரீட்சை எழுதினதே காலண்டர் அட்டைய வச்சுத்தானே."

"அதான் பெயிலாயிட்டேன்" என்றார் மாமா.

"வெளையாடாதீக மாமா. வருசம் பூரா ஒளிச்சு வச்சிட்டு அப்புறம் அடுப்படியில தண்ணி ஊத்தாதேன்னு காட்டும். அது நான் எழுதினது. பேஸ்ட்டத் தடவுனவுக தெரியாமத் தடவுனாக. நாம தெரிஞ்சுக்கிட்டே வைக்கிறோம்."

தேதிக் கட்டு தீர்ந்தாலும் அட்டை தீராது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டிலும் மிளகாய்ப் பொடி டப்பாவுக்குக் கீழே ஓர் அட்டை இருக்கிறது.

"இப்ப என்னதான் செய்யச் சொல்ற?"

"தப்பு வரி மேல கருப்பா ஒரு பட்டை. கட்ட மேல ஏத்தாம, கீழ இறக்கி அடிங்க. நடுவுல ரெண்டு வரிக்கு எடம் வரும்ல. அதுல சரியானத அடிப்போம். பட்டையும் வரியும் ஒரே பிளேட்டு, ஒரே ஓட்டு. ஒரு கலர் மெஷின் சும்மாதான நிக்கிது."

"கருப்புப் பட்டை போட்டா கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்கும் புள்ள. உங்க காலேஜுப் படத்துக்கு நேர கீழ."

"இருந்துட்டுப் போகட்டும்."

மாமா என்னை விசாரித்தார். "சார், என்ன செய்ய? நீங்க சொல்லுங்க."

இந்த இடத்தில் நான் ஏதோ வீரமாகச் சொன்னதாக எழுதலாம். நீங்கள் அங்கே இல்லை. ஆனால் அந்தப் பெண் இதைப் படிக்கக்கூடும். நான் சொன்னது இதுதான்: "முதல்வர்கிட்ட யார் சொல்றது?"

"நீங்கதான் சார்" என்றார்கள் ரெண்டு பேரும் ஒரே குரலில்.

சொன்னேன். காலண்டரில் கருப்பு எதற்கு, தங்க நிறத்தில் பட்டை போடலாமே என்றார் முதல்வர். ஒரு கலர் மெஷினில் தங்கம் ஓட்டினால் ஆகும் செலவை மாமாவின் வாயால் கேட்டதும் கருப்பு மங்களகரமாகிவிட்டது.

புதிய வரிகளை எழுத உட்கார்ந்தோம். நான் "எங்க வீட்டம்மா சொன்னதை அப்படியே போட்டுரு" என்றேன். மாரீஸ்வரி பேனாவை மூடினாள். "போன்ல சொன்னத எப்படி சார் போடுறது? புத்தகத்துல பாத்துருவோம். அத்தியாயத் தலைப்போட." அவசர நேரத்தில் நம் பாடத்தை நமக்கே திருப்பி எடுப்பதற்கு ஒரு மாணவி கிடைத்தால் அவள் காலில் விழத் தோன்றும். எனக்குக் கழுத்தை நெரிக்கத் தோன்றியது. மறுபடியும் வீட்டுக்குப் போன். மனைவி தன் நர்சிங் பாடப் புத்தகத்தில் தீக்காய முதலுதவிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். அத்தியாயத்தின் தலைப்பும் வேண்டும் என்றேன். அனுப்பினாள். புத்தகத்தின் முதல் பக்கமும் என்றேன். அதையும் அனுப்பிவிட்டுக் கீழே ஒரு வரி எழுதினாள்: "நான் யாருன்னு தெரிஞ்சுக்கக் கல்யாணப் பத்திரிகையையும் அனுப்பவா?"

மாரீஸ்வரி அதைப் படித்துவிட்டு அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

ரெண்டு வரிகள் தயாராயின. "எரிகிற தூளின் மேல் தண்ணீர் ஊற்றாதே. சுட்ட உடம்பின் மேல் ஓடும் தண்ணீரை நிறைய நேரம் ஊற்று." கையேட்டுக்காரர்கள் சொன்னது அவர்களுடைய கேள்விக்குக் கீழே, நர்சிங் புத்தகம் சொன்னது அதனுடைய கேள்விக்குக் கீழே. நான் டிக் அடிக்கவில்லை. பச்சைப் பேனாவை டீ நனைத்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

காலண்டர் வெளியே போனது. கல்லூரியின் சரித்திரத்தில் எந்தக் காலண்டரையும் யாரும் அப்படிப் படித்ததில்லை. பட்டைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக வெயிலில் தூக்கிப் பிடித்தார்கள். நகத்தால் சுரண்டினார்கள். மல்லாங்கிணறில் இருந்து ஒரு பெற்றோர், கட்டணத்தைப் பற்றி ஏதோ மறைத்திருக்கிறீர்கள் என்று முதல்வர் அறைக்கே வந்துவிட்டார். மாரீஸ்வரியின் அம்மாவை வேலைக்குப் போகிற வேனில் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். உன் மகள் போட்ட காலண்டராமே, அந்தக் கருப்புக்குள் என்ன? அவர் ஒரு சீட்டு விடாமல் சொல்லியிருக்கிறார்: தண்ணி ஊத்தாதேன்னு தப்பாப் போட்டுட்டாக, ஊத்தணும். முதலிலேயே சரியாக அடித்திருந்தால் அந்த வரியை அந்த வேனில் ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள். இதை நான் ஒரு கற்பித்தல் முறையாகச் சிபாரிசு செய்யவில்லை. செய்தால் ஏற்றுக்கொள்ளும் கல்லூரிகள் இருக்கின்றன.

தூணில் ஐந்தாவது கேள்வியைச் சேர்த்தேன்: இது எந்தக் கேள்விக்குப் பதில்? இந்த முறை லேமினேஷன் செய்யவில்லை. ஆறாவது வரலாம் என்று விட்டுவைத்தேன்.

அது வந்தது, நான் ஓய்வு பெற்ற பிறகு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரீஸ்வரி போன் செய்தாள். இப்போது அவள் பிரஸ்ஸிலேயே கணக்கு பார்க்கிறாள். புரூஃப் பார்ப்பதும் அவள்தான். மாமா அவளைக் கேட்காமல் ஓர் எழுத்து ஓட்டுவதில்லையாம்.

"சார், அம்மா கால்ல கஞ்சி கொட்டிருச்சு. அம்மாவக் கூட்டிட்டு வந்தா உங்க வீட்டம்மா ஒரு பார்வை பாப்பாகளா?"

"உடனே வா. தண்ணி ஊத்துனியா?"

"ஊத்திக்கிட்டேதான் பேசுறேன்."

எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை கிளம்பியது. "காலண்டரப் பாத்தீங்களா?"

"கால் வெந்து நிக்கையில யாரு சார் காலண்டரப் பாப்பா. பக்கத்து வீட்டு அத்தை பேஸ்ட்டப் பிதுக்கிக்கிட்டே ஓடி வந்தாக. அம்மா பக்கத்துல அண்ட விடல. தண்ணிதான் ஊத்தணும், கருப்புப் பட்டைக் காலண்டர்ல போட்டிருக்குன்னாக."

"அத்தை என்ன சொன்னாங்க?"

"அது தப்புத் தப்பாப் போடுற காலண்டராச்சேன்னாக."

"அதுக்கு அம்மா?"

"தப்புன்னு தெரிஞ்சா அடிச்சுக் காட்டுற காலண்டர் அது, மத்த காலண்டர்ல தப்பு இருந்தா உனக்கு எவன் சொல்லுவான்னு கேட்டாக. அத்தை பேஸ்ட்ட மூடி போட்டுட்டுக் கொடத்த எடுக்கப் போயிட்டாக."

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆறாவது கேள்வி அதுதான். இத்தனை காலம் நான் வகுப்பெடுத்தும் என் வாயில் வராத ஒன்று. "மாரீஸ்வரி, இதைத்தாம்மா நான் சொல்ல வந்தது. ஒரு மூலத்தை நம்பலாமா வேண்டாமான்னு பார்க்கையில முதல்ல நாம என்ன கவனிக்கணும்னா..."

"சார்."

"சொல்லும்மா."

"போன வைங்க. ரெண்டு கையும் வேணும்."